‘‘சைஸ் ஒண்ணுதானே தம்பி?’’ - பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றும் முன் இதைப் படிச்சிடுங்க!

பௌர்ணமிக்கு முந்தின நாள். திருவண்ணாமலையில் அன்றைக்கு எந்த பிக்கப் வண்டியும் சும்மா நிற்காது. இளநீர், பூ, தண்ணீர் கேன், வாழை இலை என்று கிரிவலப் பாதைக்கு எதையாவது சுமந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால், எங்கள் சித்தப்பாவின் வண்டி மட்டும் வேங்கிக்காலில் வேலூர் சாலையோரம் இருக்கும் ஒரு டயர் கடையில் ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. பின்பக்க இடது சக்கரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நானும் அவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம்.

‘‘தம்பி, ஜீப்புக்குப் போடுற டயரையே நாலும் போட்டுடுப்பா. சைஸ் ஒண்ணுதானே? எட்டாயிரம் ரூபா மிச்சமாவுது’’ என்றார் சித்தப்பா.

கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ‘‘அண்ணே, சைஸ் ஒண்ணுதான். டயர் ஒண்ணு இல்லண்ணே.’’

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆனது. புரிந்த பிறகு, இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அன்றைக்கு நடந்தது என்ன?

சித்தப்பா ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து புளி மூட்டை ஏற்றிவருவார். ஜவ்வாது மலை இறங்கி, போளூர் வந்து, வேலூர் சாலையைப் பிடித்தால் வேங்கிக்கால். பல வருடமாக ஓடிப் பழகிய பாதை. இரண்டு மாதத்துக்கு முன் பின்சக்கர டயர்கள் மொட்டையாகிவிட, யாரோ ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய டயர் இரண்டை வாங்கிப் போட்டிருக்கிறார். ‘‘பட்டன் நல்லா இருந்துச்சு. விலையும் குறைச்சல். வேற என்ன பார்க்கணும்?’’

ஒரு மதியம், மலை இறங்கி போளூரைத் தாண்டி சமதளத்தில் வந்துகொண்டிருந்தபோது பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய், சாலையோரப் புளியமரத்துக்குச் சில அடி முன்னால் நின்றிருக்கிறது. சித்தப்பாவுக்கும் கூடப்போன பையனுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால், சித்தி இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். ‘‘கொஞ்சம் முன்னாடி மலை வளைவுலயே வெடிச்சிருந்தா?’’ என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டு முடித்ததில்லை.

ஒரே அளவு... வேறு வேறு பலம்!

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்று எழுதியிருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். போலேரோ ஜீப்புக்கு வருவதும் இந்த அளவுதான். சுமை ஏற்றும் சில பிக்கப்களுக்கும் இதே அளவில் டயர் வருகிறது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

இந்த எண்கள் டயர் ரிம்மில் உட்காருமா என்பதை மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு அந்த எண்களைத் தாண்டி இன்னும் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, எல்டி என்ற எழுத்துகள். லைட் டிரக், அதாவது இலகுரக சரக்கு வண்டிக்கான டயர் என்று அர்த்தம். குட்டி யானைக்கு வரும் 145 ஆர்12 டயரிலும் இந்த எழுத்துகளைப் பார்க்கலாம்.

இரண்டாவது, ப்ளை ரேட்டிங். 6 பிஆர், 8 பிஆர், 10 பிஆர் என்று இருக்கும். அந்தக் காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்குப் பருத்தித் துணி இருக்கிறது என்பதைக் குறித்த எண் இது. இப்போது நைலான், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி என்று வந்துவிட்டதால் அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. அத்தனை அடுக்குக்கு நிகரான பலம் என்று புரிந்துகொண்டால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். லோடு இண்டெக்ஸ். அளவுக்கு அடுத்து ‘100 எஸ்’ என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண் கிலோ அல்ல, ஒரு குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 116 என்றால் 1,250 கிலோ. கூடவே இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., கியூ என்றால் 160, எல் என்றால் 120.

சரக்கு வண்டி டயரில் 106/104 என்று இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண், ஒரு பக்கத்துக்கு ஒரே சக்கரம் ஓடும்போது. இரண்டாவது, பின்னால் ஜோடிச் சக்கரமாக ஓடும்போது. ஜோடியில் இரண்டு டயரும் சரிசமமாகச் சுமையைப் பகிர்ந்துகொள்ளாது என்பதால் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள்.

சித்தப்பாவின் கணக்கு

கடைக்காரர் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். ஒரு அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். இதை நீங்களும் உங்கள் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டியின் காலி எடை 1,650 கிலோ. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,900 கிலோ. ஆக, ஏற்றக்கூடிய சரக்கு 1,250 கிலோ. லோடு ஏற்றினால் பிக்கப்பின் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்னச்சில்தான் விழும். அதாவது சுமார் 1,900 கிலோ. பின்னால் இரண்டு டயர்தான் என்பதால் ஒன்றுக்கு 950 கிலோ. லோடு இண்டெக்ஸ் 106 இருந்தால்தான் சரியாகத் தாங்கும்.

ஜீப்பிலிருந்து கழற்றி வந்த டயரில் இருந்தது 100. அதாவது 800 கிலோ. சட்டப்படியான லோடு ஏற்றினால்கூட ஒவ்வொரு டயருக்கும் 150 கிலோ அதிகம்!

‘‘சரி, எத்தனை மூட்டை ஏத்துவீங்க?’’ என்று கேட்டார் கடைக்காரர். சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, ‘‘முப்பத்தஞ்சு’’ என்றார். மூட்டைக்கு 50 கிலோ. மொத்தம் 1,750. அனுமதித்ததைவிட 500 கிலோ அதிகம். பிக்கப்பில் கூடுதல் மூட்டைகள் வால்பக்கம் போய்ச் சேரும் என்பதால், அந்த எடை கிட்டத்தட்ட முழுவதும் பின்னச்சுக்குத்தான். 1,900 ப்ளஸ் 500, 2,400. டயருக்கு 1,200 கிலோ.

800 கிலோ தாங்கும் டயரில் 1,200 கிலோ. ஒன்றரை மடங்கு. வெடித்தது ஆச்சர்யம் இல்லை. இரண்டு மாதம் வெடிக்காமல் இருந்ததுதான் ஆச்சர்யம்.

தாங்குவது ரப்பர் இல்லை, காற்று!

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் எடையைத் தாங்குவது டயருக்குள் அடைத்திருக்கும் காற்று. ரப்பரும் உள்ளே இருக்கும் இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. அதிகச் சுமைக்கு அதிக அழுத்தத்தில் காற்று வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க, பை பலமாக இருக்க வேண்டும். கார் டயர்கள் சாதாரணமாக 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்றில் ஓடுபவை. சரக்கு வண்டி டயர்களுக்கு 50, 60 என்று அதற்கு மேலும் தேவைப்படும். ‘கார் டயர்லயே கூடக் காத்து அடிச்சுக்கலாமே’ என்றால் முடியாது. அந்தப் பைக்கு அவ்வளவு அழுத்தம் தாங்காது. ரிம்முக்கும் ஒரு வரம்பு உண்டு.

காற்று போதாத டயர், ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவரில் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை வேகமாக முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுகிறதே, அதேதான். அதோடு கொதிக்கும் தார்ச்சாலையும் சேர்ந்துகொண்டால், உள்ளே ரப்பரும் இழையும் ஒட்டியிருக்கும் பிடி தளரும். அடுக்குகள் பிரியும். ஒரு நிமிடம் வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த டயர், அடுத்த நிமிடம் வெடிக்கும். பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் போட்டிருந்த டயர்கள் அவை. ஓடும்போதே மேல்பட்டை பிரிந்து, வண்டிகள் உருண்டு, பலர் இறந்திருந்தார்கள். அந்த வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த 26 பி.எஸ்.ஐ. காற்று குறைவு என்பதும், குறைந்த காற்று, சுமை, வெயில் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் அப்போது பெரிய விவாதமானது. அதே ஆண்டில் அமெரிக்கா டயர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. இன்று புதிய கார்களில் டயர் காற்று குறைந்தால் விளக்கு எரிகிறதே, அந்த வசதி அங்கே கட்டாயமானதற்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

நம் பிக்கப்களில் அந்த விளக்கு பெரும்பாலும் கிடையாது. காற்றழுத்தமானிதான் கதி. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வந்த கையேட்டிலோ கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருந்தால், லோடு ஏற்றும் நாளில் இரண்டாவதைப் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் குறைவாகிவிடும்.

நைலானா, ரேடியலா?

மலைப்பாதை, ஏரிக்கரை, கல்குவாரி என்று மோசமான தடத்தில் மெதுவாக ஓடும் வண்டிக்கு, தடித்த பக்கச்சுவர் கொண்ட நைலான் டயர் இன்றும் பலரின் தேர்வு. விலையும் குறைவு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு ரேடியல் நல்லது. சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானமும் மெதுவாகத்தான். இரண்டில் எதுவானாலும், ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் போடக் கூடாது. வளைவில் இரண்டும் வேறு வேறு மாதிரி நெளியும். வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று டிரைவருக்கே தெரியாது.

ரிம்மையும் பாருங்க!

சித்தப்பாவின் அடுத்த ஆசை, பளபளவென்று அலாய் வீல். ‘‘வண்டி பார்க்க எடுப்பா இருக்குமே!’’

டயருக்கு எடை வரம்பு இருப்பதைப்போல ரிம்முக்கும் உண்டு. காருக்குச் செய்த அலாய் வீல், போல்ட் துளைகள் பொருந்திவிட்டது என்பதற்காக ஒன்றேகால் டன் சரக்கைத் தாங்கிவிடாது. பள்ளத்தில் இறங்கினால் விரிசல் விடலாம். எஃகு ரிம் பெரும்பாலும் நெளியும், தட்டி எடுத்துவிடலாம். சக்கரத்தை வெளியே தள்ளி அகலமாகக் காட்டுவதற்காக ஸ்பேசர் போடுவதும் வேண்டாம். சக்கரம் வெளியே போகப்போக பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் விழும் பாரம் கூடும்.

கொஞ்சம் பெரிய டயர் போட்டால்? 215/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. ஏறக்குறைய 4 சதவிகிதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அதே பிரேக், பெரிய சக்கரத்தை நிறுத்தக் கூடுதலாகச் சிரமப்படும். லோடோடு மலை இறங்கும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சட்டமும் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே அனுமதித்திருக்கும் டயர், ரிம் அளவுகள் கையேட்டில் இருக்கும். அதற்குள் தேர்ந்தெடுத்தால் எஃப்.சி.யிலும் சிக்கல் இல்லை.

நட்டு முறுக்கும் முறை

கடைசியில் சரக்கு வண்டிக்கான எல்டி டயர்தான் நான்கும் போட்டோம். மாட்டும் வேலையை அருகில் நின்று பார்த்தேன்.

ரிம் உட்காரும் இடத்தில் இருந்த துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார் கடைக்காரர். இடையில் மண் இருந்தால் நட்டு இறுகியதுபோல இருக்கும். ஓடும்போது மண் உதிர்ந்து நட்டு தளரும். முதலில் எல்லா நட்டையும் கையால் ஏற்றினார். பிறகு ஒன்றை முறுக்கி, அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை முறுக்கினார். வரிசையாகச் சுற்றி முறுக்கினால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருமாம். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசி இறுக்கம். அதையும் ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்காமல், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சில் செய்தார். அளவுக்கு மேல் முறுக்கினால் போல்ட் இழுபட்டு பலமிழக்கும்.

கிளம்பும்போது, ‘‘அண்ணே, லோடு ஏத்தி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருதடவை வாங்க. நட்டு எல்லாத்தையும் இன்னொருவாட்டி பார்த்துடணும்’’ என்றார். புதிதாக மாட்டிய சக்கரம் சுமையில் ஓடிப் படிந்த பிறகு நட்டு கொஞ்சம் தளர்வது சகஜம். பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

வாங்கும்போது கவனிக்க...

• லோடு இண்டெக்ஸ்: மேலே சொன்ன கணக்கைப் போட்டு, பின்னச்சு எடையில் பாதிக்குக் குறையாத டயராக வாங்குங்கள். கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்த எண் வேண்டாம்.

• தேதி: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும்.

• ஐ.எஸ்.ஐ. முத்திரை: வண்டி டயர்களுக்கு இது கட்டாயம். இல்லாத டயரைத் தொடாதீர்கள்.

• பட்டன்: பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகளுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

• பழைய டயர்: அது எந்த வண்டியில், எவ்வளவு காற்றில், என்ன சுமையில் ஓடியது என்று வெளியே தெரியாது. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். இன்று அரக்கோணத்தில் டயர் செய்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேறு நிறுவனங்களின் ஆலைகள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே புது டயர் இத்தனை தயாராகும்போது, வரலாறு தெரியாத டயரை நம்பி மலை ஏற வேண்டுமா?

• ஸ்டெப்னி: அதுவும் எல்டி டயராகவே இருக்கட்டும். பாதி வழியில் மாட்டப்போவது அதைத்தான்.

பலமான டயர் போட்டாச்சு, இன்னும் ஏத்தலாமா?

இந்தக் கேள்வியையும் சித்தப்பாவே கேட்டார். கூடுதல் பட்டை போட்டு, 10 ப்ளை டயர் போட்டால் 40 மூட்டை ஏற்றலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டயர் தாங்கலாம். அச்சும் பேரிங்கும் சேஸும் பிரேக்கும் பழையவைதானே? ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடை, வண்டியின் எல்லாப் பாகங்களையும் பார்த்துச் சொன்னது. மாட்டினால் அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிச்சம் பிடித்த எட்டாயிரம் எந்த மூலைக்கு?

மறுநாள் பௌர்ணமி. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் சித்தப்பா மலைக்குக் கிளம்பினார். நானும் கூடப்போனேன். ஜமுனாமரத்தூரில் பையன் ஒவ்வொன்றாக மூட்டையை ஏற்ற, சித்தப்பா ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார். 25 வந்ததும், ‘‘போதும்பா, பாய் போட்டு கட்டு’’ என்றார். மிச்சம் பத்து மூட்டை கீழேயே இருந்தது. ‘‘மாமா, இன்னும் எடம் இருக்குதே’’ என்றான் பையன்.

‘‘எடம் இருக்குது. நாளைக்கு இன்னொரு நடை வரலாம்.’’

டீசல் கணக்குப் பார்த்தால் அந்த இரண்டாவது நடையில் அவருக்குப் பெரிய லாபம் இருக்காது. வண்டித் தவணையும் மாதாமாதம் நிற்காமல் வரும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் 35 மூட்டை ஏற்றுகிறவர்களைத் திட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை. அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன், ஒரு தடவை குனிந்து உங்கள் டயரின் பக்கவாட்டைப் படித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அங்கே எழுதியிருக்கும் அந்தச் சின்ன எண்ணை நம்பித்தான் வீட்டில் ஒருவர் சோறாக்கி வைத்துக் காத்திருக்கிறார்.

வேங்கிக்கால் வந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போகவில்லை. லோடோடு நேராக டயர் கடையில் நிறுத்தி, ‘‘தம்பி, நட்டைப் பார்த்துடு’’ என்றார்.

இரண்டு நட்டு, கால் சுற்று தளர்ந்திருந்தது.